மதலேனா ரீச்சரின் உலோகப் பெட்டி

தந்தி மத்தியானம் வந்தது. மதலேனா ரீச்சர் காலமானார், நாளை அடக்கம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நான் அதை நம்பவில்லை. எனக்கு எதையும் கேட்டவுடன் நம்புகிற பழக்கம் கிடையாது. என்னை அறிந்தவர்களுக்கு அது தெரியும், அறியாதவர்களுக்கு இதை வாசித்து முடிக்கும்போது தெரிந்துவிடும். தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரீச்சரின் பெயரை ஓர் எழுத்து விட்டு அடித்திருந்தார்கள். நாற்பது வயதைக்கூட எட்டாத, ஒரு தலையிடி என்று படுத்து நான் காணாத மனுசி எப்படித் திடீரென்று செத்துப்போவா என்று தபால்காரரையே கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் மாஸ்ரர்? வந்ததைக் கொண்டுவந்து தாறன். நம்பாட்டி மாங்குளத்துக்குப் போய்க் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை மிதித்தார்.

நான் உண்மையிலேயே மாங்குளத்துக்குப் போனேன். முல்லைத்தீவு பஸ் வந்து நிற்கிற சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் காத்திருந்தேன். பஸ்ஸால் மீன் கூடையோடு இறங்கிய ஒருவரை மறித்துக் கேட்டேன். "ஓம் ஐயா, படிப்பிக்கிற அக்காதானே. நெருப்புக் காய்ச்சல். இண்டைக்கு விடிய முடிஞ்சுது," என்றார். அதன்பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை. கதிரையில் போய் இருந்தேன். முதலில் எனக்கு வந்தது துக்கம் என்று எழுதினால் பொய். முதலில் வந்தது ஒரு கேள்வி. அவாவுக்குத் தெரிந்திருந்ததோ, தெரியாமலே போய்விட்டாவோ? பத்து வருடமாக எனக்குள் கிடந்த கேள்வி அது. இறந்தவரைப் பற்றி எழுதும்போது எழுதுகிறவன் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்பார்கள். ஆனால் என்னை விட்டுவிட்டு ரீச்சரைப் பற்றி எழுதினால் அது பாதிக் கதைதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்காக வந்து, அக்கராயன் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாய் தகப்பன் போனபின் நானும் தங்கச்சி பரமேஸ்வரியும்தான் மிச்சம். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் நான் தமிழும் சைவசமயமும் படிப்பித்தேன். ஐம்பதுகளின் கடைசியில், விஞ்ஞானம் படிப்பிக்க ஒருவர் வருகிறார் என்று தலைமையாசிரியர் சொன்னார். நாங்கள் ஓர் ஆணை எதிர்பார்த்தோம். வந்து இறங்கியவர் வெள்ளைச் சேலை உடுத்து, கழுத்தில் சின்னச் சிலுவையும் கையில் ஒரு தகரப் பெட்டியுமாக நின்ற பெண். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிற வேதக்காரக் குடும்பம், கன்னியர் மடத்தில் இருந்து படித்தவர் என்றார்கள்.

கடலையும் சொந்தக்காரரையும் விட்டுவிட்டு ஒரு குமர்ப்பிள்ளை இந்தக் காட்டுக்குள் வருவானேன்? எலி ஏன் அம்மணமாய் ஓடுகிறது என்று நான் தலைமையாசிரியரைத் தனியே கேட்டேன். "நியமனம் வந்தால் வரத்தானே வேணும் மாஸ்ரர். நீர் எல்லாத்துக்கும் பின்னாலை ஒரு கதை தேடாதையும்," என்றார் அவர். ரீச்சர் அவருடைய வீட்டிலேயே ஓர் அறையில் தங்கினார்.

ரீச்சரின் வகுப்புக்கும் என்னுடையதற்கும் நடுவில் அரைச்சுவர்தான். நான் இந்தப் பக்கம் செய்யுளுக்குப் பதவுரை சொல்ல, அந்தப் பக்கம் சுத்தியல் அடி விழும். முதலில் ஈயத் துண்டு ஒன்றைக் கல்லில் வைத்து அடிப்பார். அது தட்டையாகும். பிறகு கந்தகக் கட்டியை அடிப்பார். அது மாவாய்ப் போகும். பள்ளிக்கூட மணியாக நாங்கள் கட்டித் தூக்கியிருந்த தண்டவாளத் துண்டுக்குக் கீழே பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தி, அதைத் தட்டிக் காட்டி, பிறகு விறகுக் கரியைத் தட்டச் சொல்லுவார். நேரமில்லா நேரத்தில் மணி கேட்டு என் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு எழும்பிய நாட்கள் உண்டு.

"மினுங்குது, அடிச்சால் தட்டையாகுது, இழுத்தால் கம்பியாகுது, சூடும் மின்சாரமும் அதுக்குள்ளாலை ஓடுது, தட்டினால் சத்தம் கேக்குது. உதெல்லாம் உலோகத்தின்ரை குணம்," என்று சொல்லுவார். பலகையில் இரண்டு நிரல். இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் அல்லுலோகம். பிள்ளைகள் அதைப் பாடமாக்கி முடிக்கும் நேரம் பார்த்துக் குழப்புவார். ரோச் பற்றரியை உடைத்து நடுவில் இருக்கிற காரீயக் கோலை, பென்சிலுக்குள் இருக்கிற அதே கரியை, எடுத்துக் காட்டுவார். அது மின்சாரத்தைக் கடத்தும், மினுங்கவும் செய்யும். ஆனால் அடித்தால் நொறுங்கும். உலோகம் இல்லை. சின்னக் குப்பிக்குள் பாதரசத்தை ஆட்டிக் காட்டுவார். அது தண்ணீராய் ஓடும். ஆனால் உலோகம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற உலோகப்போலி என்று மூன்றாவது நிரல் ஒன்றும் கீறுவார். "அதாலை ஒரு குணத்தை வைச்சு ஒண்டையும் வகுக்கக்கூடாது. அஞ்சாறு பாத்துத்தான் சொல்லவேணும்," என்பார். இந்த வசனத்தை அரைச்சுவருக்கு மேலால் நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன பயன்? செவிடன் காதில் ஊதின சங்கு.

என் சந்தேகம் திறப்பில் தொடங்கியது. ஒருநாள், "மாஸ்ரர், உந்த அலுமாரித் திறப்பை ஒருக்காத் தாறியளே?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பாடம் முடிந்து திருப்பித் தந்தபோது அது செம்பு நிறமாய் இருந்தது. நான் கொடுத்தது இரும்புத் திறப்பு. கையில் வைத்துக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"இது என்ரை திறப்பில்லை ரீச்சர்."

"உங்கடைதான் மாஸ்ரர். துரிசுக் கரைசலுக்குள்ளை தோய்ச்சனான். துரிசிலை செம்பு கிடக்கு. இரும்பு உள்ளை போனால் செம்பு வெளிக்கிட்டு வந்து இரும்புக்கு மேலை ஏறும். கல்லிலை உரசிப் பாருங்கோ."

உரசினேன். உள்ளே இரும்புதான். அப்படியும் அன்று அலுமாரியை நாலுதரம் திறந்து பூட்டிப் பார்த்தேன். ஒன்றை இன்னொன்றாய்க் காட்டத் தெரிந்தவரை எப்படி நம்புவது என்றுதான் என் புத்தி போயிற்று.

இரண்டாவது என்னுடைய மை. மற்ற ஆசிரியர்கள் கடையில் போத்தலில் வாங்கும் நீல மையால் எழுதினார்கள். நான் மட்டும் கடுக்காயை அவித்து, அன்னபேதி கரைத்துக் காய்ச்சிய கறுப்பு மையால் எழுதினேன். அது மங்காது என்று எனக்கு ஒரு பெருமை. ரீச்சர் ஒருநாள் ஆசிரியர் அறையில் நான் எழுதிக் கழித்த தாளை எடுத்துப் பார்த்தார்.

"உது நீங்கள் காய்ச்சினதோ மாஸ்ரர்? அன்னபேதி போட்டோ?"

"ஓம். ஏன்?"

"அன்னபேதியிலை இரும்பு கிடக்கு. அப்ப நீங்கள் இரும்பாலை எழுதுறியள்."

சொன்னதோடு விடவில்லை. அந்தத் தாளில் ஒரு சொட்டு அமிலம் விட்டார். என் கறுப்பெழுத்து மஞ்சளாய் வெளிறிற்று. அதற்கு மேல் வேறொரு உப்புக் கரைசலில் ஒரு துளி வைத்தார். கடும் நீலமாய் ஒரு பொட்டு வந்தது. "இரும்பு இருந்தால்தான் இந்த நீலம் வரும்," என்று சந்தோசமாகச் சொன்னார். அவருக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கோ என் எழுத்தை ஒருவர் அழித்துக் காட்டியது நெஞ்சுக்குள் குத்தியது. அதுவும் மற்றவர்கள் பார்த்துச் சிரிக்க.

அதன்பிறகு நான் அவருடைய தகரப் பெட்டியைக் கவனிக்கத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவார். திங்கட்கிழமை அதோடு வருவார். இடையில் ஒருவருக்கும் அதைத் திறந்து காட்டமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை நானும் மாங்குளத்தில் அலுவல் என்று சொல்லிக்கொண்டு அதே பஸ்ஸில் போனேன். சந்தியில் இறங்க மழை அடித்துக் கொட்டியது. ரீச்சர் ஒரு கையில் குடையும் மற்றக் கையில் பெட்டியுமாகச் சேற்றுக்குள் நின்றார். நான் போய், "குடுங்கோ ரீச்சர், நான் தூக்குறன்," என்று வாங்கினேன். முல்லைத்தீவு பஸ் நின்ற இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல பாரம். நடக்க நடக்க உள்ளே கிணுகிணு என்று சத்தம் கேட்டது. ரீச்சர் பஸ்ஸுக்குள் ஏறி இருந்துகொண்டு, "நனைஞ்சு போனியள் மாஸ்ரர். பெரிய உபகாரம்," என்று சொன்னார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் எழுதினேன். மொட்டைப் பெட்டிசன். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பழக்கம். முகத்துக்கு நேரே கேட்க வாய் வராது, பெயர் போடாமல் கந்தோருக்கு எழுதினால்தான் மனம் ஆறும். பள்ளிக்கூடத்து அமிலமும் இரசமும் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தகரப் பெட்டிக்குள் வெளியே போகின்றன, யாரோ தட்டாரோடு சேர்ந்து போலி நகைக்கு முலாம் பூசுவதாக ஊரில் கதை என்று எழுதினேன். ஊரில் அப்படி ஒரு கதையும் இருக்கவில்லை. ஊர் என்று நான் எழுதியது என்னைத்தான்.

கையெழுத்துத் தெரியாமல் இருக்க இடக்கையால் எழுதினேன். அக்கராயனில் போட்டால் பிடிபடும் என்று மாங்குளத்துத் தபால் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். வேண்டுமென்றே நாலு எழுத்துப்பிழையும் விட்டேன், தமிழ் வாத்தியார் எழுதியது என்று ஒருவரும் நினையாமல் இருக்க. எல்லாம் மாற்றினேன். மையை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது சும்மா இல்லை.

சில கிழமைக்குப் பிறகு கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். எல்லா ஆசிரியர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, மேசையில் பெட்டியை வைத்துத் திறக்கச் சொன்னார். ரீச்சரின் முகம் சிவந்துபோயிற்று. மூடியைத் திறந்தார்.

உள்ளே பலகைத் துண்டுகளால் சின்னச் சின்ன அறைகள் பிரித்திருந்தன. ஒவ்வோர் அறையிலும் ஒரு துண்டு. தகப்பனாரின் வலையில் கட்டியிருந்த ஈயக் குண்டு. பழைய வள்ளத்தில் கழற்றிய செப்பாணி. உடைந்த அலுமினியச் சட்டியின் காது. பற்றரியிலிருந்து வெட்டிய துத்தநாகத் தகடு. துருப்பிடித்த நங்கூரக் கொளுக்கி. ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை. அட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அதன் குணங்கள். கடைசி வரியில் வகை: உலோகம், அல்லுலோகம், உலோகப்போலி என்று எழுதியிருந்தது.

"பள்ளிக்கூடத்திலை சாமான் இல்லை ஐயா," என்றார் ரீச்சர். "ஊருக்குப் போற நேரம் மீன் வாடியளுக்குள்ளை தேடி எடுத்துச் சேர்க்கிறன். முழுசாச் சேர்ந்த பிறகு பிள்ளையளுக்குக் காட்டுவம் எண்டு இருந்தனான். அமிலம் அலுமாரிக்குள்ளை கிடக்கு. அளந்து பாருங்கோ."

பரிசோதகர் அளந்து பார்க்கவில்லை. ஒவ்வோர் அட்டையாய் எடுத்து வாசித்தார். பிறகு பெட்டிசனை எடுத்து ரீச்சரிடமே நீட்டினார். "இதை வைச்சிருங்கோ, இல்லாட்டி அடுப்புக்குள்ளை போடுங்கோ," என்றார். அவர் அதை வாங்கி விரித்த போதுதான் நான் கண்டேன். பக்கத்தில் மற்ற ஆசிரியர்கள் எழுதிய வரவு இடாப்பு நீல மையில் கிடந்தது. பெட்டிசன் கறுப்பாய்க் கிடந்தது. ரீச்சர் தாளை நெடுநேரம் பார்த்தார், மடித்தார், பெட்டிக்குள் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

பெட்டிசன் பொய் என்று முடிந்தாலும், அதன் பெயரால் அவருடைய நிரந்தர நியமனம் ஒரு வருடம் பிந்திற்று. அந்த ஒரு வருடமும் குறைந்த சம்பளத்தில் அவர் வீட்டுக்கு அனுப்பவேண்டிய காசை எப்படி அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது?

பரிசோதகர் வந்துபோன அடுத்த நாளே நான் நீல மைப் போத்தல் ஒன்று வாங்கினேன். அது அதைவிட மோசமான புத்தி. அந்தக் கிழமையே ரீச்சர் கேட்டார்.

"என்ன மாஸ்ரர், மை மாத்திப் போட்டியள்?"

"கடுக்காய் கிடைக்கேல்லை ரீச்சர்."

"காட்டுக்குள்ளை இருந்துகொண்டோ கடுக்காய் கிடைக்கேல்லை?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பகிடியாய்ச் சொன்னாரோ, குத்தலாய்ச் சொன்னாரோ? அந்த ஒரு வசனத்தை நான் எத்தனை விதமாய்ப் பிரித்துப் பார்த்திருப்பேன். செய்யுளுக்குக்கூட நான் அவ்வளவு பதவுரை தேடியதில்லை. அவர் சிரித்தால் தெரிந்து சிரிக்கிறார் என்று தோன்றும். சிரிக்காவிட்டால் அதற்கும் அதே காரணம் தோன்றும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவனுக்கு அது எப்படிக் குறுகுறுக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இனித் தங்கச்சியின் கலியாணம். பரமேஸ்வரிக்கு முன்னமே இரண்டு இடம் பேசிக் குழம்பியிருந்தது. இரண்டையும் குழப்பியது நான்தான். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறேன் என்று ஊர் ஊராய்ப் போய் விசாரித்து, அது அவர்கள் காதுக்கு எட்டி, உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று விட்டார்கள். மூன்றாவதாகத் துணுக்காயிலிருந்து ஒரு கமக்காரக் குடும்பம் வந்தது. பெடியன் நல்லவன். பரமேஸ்வரி குசினி வாசலில் நின்று என்னிடம் சொன்னாள், "அண்ணை, இதையும் விசாரிச்சுக் கெடுத்துப் போடாதேங்கோ. எனக்கு இனி வயசு இல்லை."

நான் விசாரிக்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பொன்னுருக்கு வரைக்கும்.

எங்கள் வழக்கத்தில் தாலிக்குரிய பவுணை மாப்பிள்ளை வீட்டில், இருபகுதிச் சபைக்கும் முன்னால், பத்தர் உருக்குவார். உருகிய பொன்னைத் தட்டத்தில் மஞ்சளும் பூவும் வைத்து ஒவ்வொருவருக்கும் காட்டுவார்கள். அதைப் பார்த்துத் தொட்டுக் கும்பிட்டால் அந்தக் கலியாணத்துக்குச் சபை சாட்சி. பெண்பகுதியில் நானும் இரண்டு பேரும் துணுக்காய்க்குப் போயிருந்தோம். தலைமையாசிரியர் மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம். அவர் மனைவி, வீட்டில் தனியே இருப்பானேன் என்று மதலேனா ரீச்சரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தா.

பத்தர் வயதானவர். சிரட்டைக் கரி நெருப்பில் மூசையை வைத்து, பவுணைப் போட்டு, குழலால் ஊதி உருக்கினார். ஆறவைத்து எடுத்துத் தட்டத்தில் வைத்தார். தட்டம் முதலில் என்னிடம் வந்தது. பார்த்தேன். உருண்டை கறுத்துப்போய் இருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் தட்டத்தைக் கையில் வாங்காமலே கேட்டேன், "இது பவுண்தானோ பத்தர்?"

சபையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்தர் குழலைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பினார்.

"என்ன கேட்டனீர்? நாங்கள் பித்தளையைக் கொண்டந்து உருக்கிறமோ? இந்த வீட்டிலை இருந்துகொண்டு எங்களைக் கள்ளர் எண்டுறீரோ?"

"கறுத்திருக்கு, அதுதான் கேட்டனான்."

"கேட்டது காணும். பொன்னும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். எழும்பி நடவும்."

பத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதை யார் கேட்பார்கள்? எங்கள் ஆட்கள் இருவரும் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார்கள். எனக்குப் பரமேஸ்வரி குசினி வாசலில் நின்றதுதான் கண்ணுக்குள் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணீர் வந்தது. விட்ட சொல்லைப் பிடிக்க ஒரு வழியும் தெரியவில்லை.

"ஐயா, நான் ஒரு கதை சொல்லலாமோ?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மதலேனா ரீச்சர் எழும்பி நின்றார். வேதக்காரப் பெண், அந்தச் சபைக்குப் புதியவர். தலைமையாசிரியர், "எங்கடை இரசாயன ரீச்சர். சொல்லட்டும்," என்றார். தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார், ஆனால் மறுக்கவில்லை.

"நான் தட்டத்திலை கை வைக்கமாட்டன். பத்தர் ஐயாவே செய்யட்டும்," என்றார் ரீச்சர். "வெறும் பொன் மெத்தெண்டு இருக்கும், கெதியிலை தேஞ்சு போம். அதுக்குத்தான் பவுணிலை கொஞ்சம் செம்பு சேர்க்கிறது. நெருப்பிலை கறுக்கிறது அந்தச் செம்பு. பொன் கறுக்காது. குசினியிலை பழப்புளி இருந்தால் உப்போடை கரைச்சுக் கொஞ்சம் கொதிக்க வையுங்கோ."

பத்தரின் முகத்தில் உயிர் வந்தது. தான் சொல்ல வந்ததும் அதுதான் என்று தலையாட்டினார். புளிக்கரைசல் வந்தது. உருண்டையை அதற்குள் இட்டு எடுத்தார். கறுப்புக் கழன்று மஞ்சளாய் மினுங்கியது. சபையில் ஓர் ஆறுதல் மூச்சு. அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். ரீச்சர் விடவில்லை.

"காணாது. புளி போட்டால் பித்தளையும் மினுங்கும். ஒரு குணத்தை வைச்சுச் சொல்லக்கூடாது. பத்தர் ஐயா, கொஞ்சம் தட்டிக் காட்டுங்கோ."

பத்தர் பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டினார். ஓரம் வெடிக்காமல், சோற்றுப் பருக்கை நசிவதுபோல் விரிந்தது. பிறகு ரீச்சர் சொல்ல, பத்தர் தன் குப்பியிலிருந்த அமிலத்தில் ஒரு சொட்டைப் பித்தளைத் துண்டு ஒன்றில் விட்டார். அது பச்சையாய் நுரைத்தது. இன்னொரு சொட்டைப் பொன்னில் விட்டார். சும்மா கிடந்தது. கடைசியாகப் பொன்னையும் அதே அளவான பித்தளையையும் மாப்பிள்ளையின் தகப்பனின் இரண்டு கையிலும் தரச் சொன்னார். அவர் பாரம் பார்த்தார். பொன் பாரம். கோபம் போய் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"மாஸ்ரர் கேட்டதிலை பிழையில்லை ஐயா," என்றார் ரீச்சர் அவரிடம். "கறுப்பைக் கண்டால் எவரும் பயப்பிடுவினம். அவருக்கு ஒரே தங்கச்சி. கேட்டதாலை நல்லதுதான். இனி இந்தத் தாலியைப் பற்றி ஒருத்தரும் ஒரு கதையும் கதைக்கேலாது."

தட்டம் மறுபடி என்னிடம் வந்தது. தொட்டுக் கும்பிட்டேன். ஏச்சாக விழுந்த என் சொல்லை அவர் ஒரு கேள்வியாக மாற்றித் தந்துவிட்டார். பரமேஸ்வரி இன்று துணுக்காயில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாய் இருக்கிறாள்.

திரும்பி வரும் வழியில் நான் ரீச்சரின் பக்கத்தில் போய், "உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும் ரீச்சர்," என்றேன்.

"இப்ப வேண்டாம் மாஸ்ரர். கலியாணம் முடியட்டும்," என்றார்.

கலியாணம் முடிந்தது. நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தெரியும் என்றால் எனக்காக அந்தச் சபையில் எழும்பியிருப்பாரோ? மாட்டார், ஆகவே தெரியாது என்று ஒருநாள் நினைப்பேன். தெரியாது என்றால் ஏன் அன்று சொல்லவிடவில்லை என்று மறுநாள் நினைப்பேன். இப்படியே வருடங்கள் போயின. பிறகு அவர் ஊர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றலாகிப் போனார். தன் பெட்டியையும் கொண்டு போனார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. கரையோரத்துச் சனம் முழுக்க வந்திருந்தது. எல்லாம் முடிந்தபின் அவருடைய தம்பி அந்தோனி, தந்தி அனுப்பியவர், அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா ஆஸ்பத்திரியிலை வைச்சுச் சொன்னவா. இது அக்கராயன் பள்ளிக்கூடத்துக்காம். தமிழ் மாஸ்ரரின்ரை கையிலைதான் குடுக்கவேணும் எண்டவா."

"ஏன் என்ரை கையிலை?"

"தெரியாது ஐயா. அப்பிடித்தான் சொன்னவா."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முன்னையைவிடப் பாரமாய் இருந்தது. ஒட்டுசுட்டானுக்கு இப்பால் பஸ் காட்டுக்குள் ஓடும்போது மூடியைத் திறந்தேன். ஈயக் குண்டு, செப்பாணி, நாகத் தகடு, காரீயக் கோல், அட்டைகள் எல்லாம் பழையபடி இருந்தன. கடைசி மூலையில் உள்ள அறையில் உலோகம் ஒன்றும் இல்லை. மடித்த தாள் ஒன்றிருந்தது. விரித்தேன். என் இடக்கை எழுத்து. நடுவில் ஒரு சொல் மஞ்சளாய் வெளிறிப்போய், அதற்கு மேல் ஒரு நீலப் பொட்டு.

ஆகவே அவாவுக்குத் தெரிந்திருந்தது. பொன்னுருக்குக்கு முன்னமே தெரிந்திருந்தது என்று கீழே கிடந்த அட்டையின் வரிசை சொன்னது. தெரிந்துகொண்டுதான் எழும்பி நின்றா.

தாளுக்குக் கீழே மற்ற அறைகளில் இருப்பதுபோல் ஓர் அட்டையும் இருந்தது. ரீச்சரின் குண்டு எழுத்தில், வேறு வேறு காலத்தில் எழுதிய மூன்று வரிகள்.

ஒன்று: மழையில் பெட்டியைத் தூக்கித் தந்தார்.

இரண்டு: மையில் இரும்பு உண்டு.

மூன்று: தங்கச்சிக்காகச் சபையில் அழுதார்.

அதன் கீழே, வகை என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்ன ஐயா என்று கேட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளையும் அட்டையையும் திரும்ப அறைக்குள் வைத்தேன்.

ரீச்சர், அட்டையில் முதலாவது பிழை. அன்று மழையில் நான் பெட்டியைத் தூக்கினது உங்களுக்கு உதவ இல்லை, பாரம் பார்க்க. அந்தப் பாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவதில் நீங்கள் சொல்கிற பெட்டிசனை எழுதினேன். நீங்கள் என் கணக்கில் வைத்த முதல் நன்மையே பொய். இதைச் சொல்லத்தான் அன்று உங்களுக்குப் பக்கத்தில் வந்தேன், நீங்கள் விடவில்லை. அந்த வரியை வெட்டப் பேனையை எடுத்தேன். உங்கள் எழுத்துக்கு மேல் என் மை படவேண்டாம் என்று வைத்துவிட்டேன். கடைசி வரியை நிரப்பவும் எனக்கு உரிமை இல்லை.

மறுபடியும் கடுக்காய் அவித்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை அந்தக் கறுப்பு மையால், வலக்கையால் எழுதி, அடியில் என் பெயரையும் போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போய்வந்தபின் கைப்பிரதியை மடித்து அந்த மூலை அறைக்குள் வைத்துப் பெட்டியை மூடுவேன். இதையும் ஒரு குணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கோ. போயிட்டு வாங்கோ ரீச்சர்.